அரண்மனையில் அறை உண்டு, சத்திரத்தில் இடம் இல்லை

அப்பத்தா மைசூருக்குக் கிளம்பினால் இரண்டு மூட்டை கட்டுவாள். ஒன்றில் புளிசோறும் எலுமிச்சை ஊறுகாயும். மற்றதில் ஜமக்காளம், பித்தளைச் சொம்பு, மாற்றுச் சேலை. நஞ்சன்கூட்டில் ஒரு வேண்டுதல், அப்படியே மைசூர் போய்த் தசரா பார்த்துவிட்டுத் திரும்புவது என்பது திட்டம். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் வாந்தி எடுத்து முடித்த பிறகு, எனக்கு ஒரு கவலை வந்தது.

"ஏனுங் அப்பத்தா, ராத்திரிக்கு எங்க தூங்கறது?"

"சத்திரத்துலதான் கண்ணு. ஊருன்னு ஒண்ணு இருந்தா சத்திரம் இல்லாமயா போகும்?"

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. அந்தப் பதிலில் அவளுக்கு இருந்த உறுதி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. யாரிடமும் கேட்கவில்லை, கடிதம் போடவில்லை, முன்பணம் கட்டவில்லை. ஊர் இருக்கிறது, ஆகவே தங்க இடம் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இருந்தது. கோட்டைக்கு மேற்கே ஒரு பழைய தெருவின் கோடியில் அந்தச் சத்திரம். உயரமான திண்ணை, அதை ஜகலி என்றார்கள். உள்ளே போனால் நான்கு பக்கமும் தாழ்வாரம், மரத்தூண்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம். எங்கள் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருந்தது. அவர்களும் அதைத் 'தொட்டி மனெ' என்றுதான் சொல்கிறார்கள் என்று அப்பத்தா சொன்னாள். சத்தியமங்கலம் சந்தையில் பழகிய கன்னடம் அவளுக்கு. பின்கட்டில் கிணறு, வரிசையாக மூன்று மூன்று கல் வைத்த அடுப்புகள். விறகு மட்டும் காசு. புகை ஏறி ஏறிச் சுவர் மேல் பாதி முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

சத்திரத்து மணியக்காரர் ஒரு நீளமான பேரேட்டில் எழுதினார். அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. "எஷ்டு ராத்ரி?" என்பது ஒன்று. மூன்று ராத்திரிக்கு மேல் கிடையாது என்று சுவரிலேயே எழுதியிருந்தது. இரண்டாவது கேள்வி, நீங்கள் என்ன ஜாதி என்பது. அப்பத்தா சொன்னாள். உள் தாழ்வாரத்தில் ஒரு மூலையைக் காட்டினார்.

அன்று இரவு நல்ல மழை. எங்களுக்குப் பிறகு ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. அவர்களிடமும் அதே இரண்டு கேள்வி. பதில் கேட்டதும் மணியக்காரர் பேரேட்டை மூடிவிட்டார். திண்ணையில் படுத்துக்கொள்ளலாம், உள்ளே வரக் கூடாது என்றார். சாரல் அடிக்கும் திண்ணையில் அந்தப் பெண் குழந்தையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பத்தா எழுந்து போய் எங்கள் ஜமக்காளத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் வெறும் தரையில் படுத்தோம். சத்திரத்தைப் பற்றி நல்லது எதைச் சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அன்று எனக்குப் புரியாத ஒன்று உண்டு. கோட்டை என்றால் உள்ளே ஊர் இருக்க வேண்டும் அல்லவா? மைசூர்க் கோட்டைச் சுவருக்குள் அரண்மனையும் கோயில்களும் மட்டும்தானே இருக்கின்றன, ஊர் எங்கே போயிற்று?

ஊர் உள்ளேதான் இருந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய 450 கஜம் நீளமுள்ள நாற்சதுரக் கோட்டை. சுற்றி அகழி. திப்பு காலத்தில் இந்தக் கோட்டையை இடித்து, கல்லை நஜர்பாத்தில் புதுக்கோட்டை கட்டக் கொண்டுபோனார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்து உடையார்கள் திரும்பி வந்தபோது அதே கல்லைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அந்தச் சுவருக்குள் அரண்மனையைச் சுற்றி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பகுதிக்குப் பெயரே கில்லே மொஹல்லா, அதாவது கோட்டைப் பேட்டை. சுவேத வராகசுவாமி கோயிலும் உள்ளேதான். அந்த மூர்த்தியை நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிக்கதேவராஜ உடையார் கொண்டுவந்தார் என்பது அங்குள்ள வழக்கு.

1897 பிப்ரவரியில், இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணி கல்யாணத்தின்போது மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. இன்று நாம் பார்க்கும் அரண்மனையைக் கட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. 1912-ல் வேலை முடிந்தது. செலவு 41 லட்ச ரூபாய்க்கு மேல். தீ பயம் ஒருபுறம். தீ விபத்துக்கு மறு ஆண்டே பிளேக் வந்தது. நெருக்கடியான வீடுகளில் இனி குடியிருக்கக் கூடாது என்று அரசு முடிவுக்கு வந்தது. 1903-ல் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு அமைந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வெளியே புதுப் பேட்டைகளுக்குப் போனார்கள். அகழிகள் தூர்க்கப்பட்டன, தெருக்கள் அகன்றன. அரசர் தன் வீட்டைச் சுற்றி இருந்த ஊரையே எழுப்பி வேறிடத்தில் உட்காரவைத்துவிட்டார்.

ஊருக்கு வருகிறவர்கள் தங்கவும் அதே மாதிரி இடங்கள் பிரிந்தன. யாத்திரிகருக்குச் சத்திரம். அரசரின் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு மாளிகை. அவர்களுக்கென்றே 1920-ல் மெட்ரோபோல் எழுந்தது. 1921-ல், வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் லலித மகாலுக்கு அடிக்கல் நாட்டினார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் கோபுரத்தை நினைவூட்டும் வெள்ளைக் கும்மட்டம்; வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த ஃபிரிட்ச்லி. நமக்கு 'முத்து' படத்து ஜமீன் மாளிகை என்று சொன்னால் சட்டென்று தெரியும்.

அந்த மாளிகையில் தங்கியவர்கள் காசு கொடுக்கவில்லை. சத்திரத்தில் தங்கியவர்களும் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் செலவு செய்தது அந்த மண்ணின் விளைச்சல்தான்.

சத்திரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அது எப்படி நின்றது என்பது அதில்தான் இருக்கிறது. கட்டுகிறவர் கட்டடத்தோடு நிறுத்தமாட்டார். நிலமோ கிராமத்து வருவாயோ எழுதிவைப்பார். தஞ்சை சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டியதும் அந்த முறையில்தான். மைசூர் சமஸ்தானத்தில் இவற்றைக் கவனித்தது முஜராய் இலாகா. ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம் என்பது பழைய கணக்கு. கால் வலிக்கிறவன் இளைப்பாற, காய்ச்சல்காரன் தேற, மூன்று ராத்திரி.

1882-ல் பெங்களூர்–மைசூர் ரயில் ஓடத் தொடங்கியதும் நடை குறைந்தது. ஆனாலும் சத்திரம் சாகவில்லை. ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்களுக்கும் படுக்க இடம் வேண்டியிருந்தது. அடி விழுந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. இப்படி எழுதிவைத்த இனாம் நிலங்களுக்கு முடிவு கட்டிய மத, தர்ம இனாம் ஒழிப்புச் சட்டம் 1955-ல் வந்தது. உழுதவனுக்கு நிலம் போனது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. இனாம் இழந்த தர்மங்களுக்கு ஈடாக வருஷாவருஷம் தஸ்தீக் என்று ரொக்கம் கிடைத்தது. நிலத்தின் விளைச்சலுக்கு விலைவாசியோடு மதிப்பு ஏறும், ரொக்கத்துக்கு ஏறாது. அன்று நூறு பேர் சாப்பிட்ட தொகையில் பிறகு பத்துப் பேர்கூடச் சாப்பிட முடியாது. கூரை ஒழுகியது. ஓடு மாற்றக் காசில்லை. அப்போதுதான் கல்யாணம் உள்ளே வந்தது. ஒரு முகூர்த்த நாள் வாடகை, ஒரு மாதம் யாத்திரிகர்களை வைத்துக் காப்பாற்றினாலும் வராது.

சென்ற தசராவுக்கு மகளோடு போனேன். இப்போது போவது எளிது. 2022 நவம்பரில் தென்னாட்டின் முதல் வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியதே சென்னைக்கும் மைசூருக்கும் இடையில்தான். நாங்கள் பழைய நினைவுக்காகத் திம்பம் வழியாகவே பஸ்ஸில் போனோம். தன்வந்திரி சாலையில் ஒரு லாட்ஜில், சாதாரண நாள் வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு ஒரு அறை. ஆதார் அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜாதி கேட்கவில்லை. எனக்கு அப்பத்தாவின் ஜமக்காளம் ஞாபகம் வந்தது. இந்த ஒரு மாற்றத்துக்காக அந்த மூன்று மடங்கையும் மனம் கோணாமல் கொடுக்கலாம்.

எட்டு வயதில் நான் படுத்த சத்திரத்தைத் தேடினேன். அந்தத் தெருவில் இப்போது மூன்று மாடிக் கட்டடம், கீழே செருப்புக்கடை.

ஊரில் எல்லாமே அழிந்துவிடவில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், வினோபா சாலையில், நஞ்சராஜ பகதூர் சத்திரம் கம்பீரமாக நிற்கிறது. பெயர் சத்திரம். உள்ளே நடப்பது விதைத் திருவிழா, நாட்டு அரிசி மேளா, மாம்பழச் சந்தை, கைத்தறி விற்பனை. நல்ல காரியங்கள்தான். அந்த மேளா ஒன்றில் அள்ளி வந்த விதைகளை என் தோட்டத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் மூட்டையோடு வந்து நிற்கும் ஒரு கிழவிக்கு அங்கே ராத்திரி இடம் கிடையாது.

மாளிகைகளின் பக்கம் நேர்மாறு. லலித மகால் 1974-லேயே ஹோட்டல் ஆகிவிட்டது. நான் சத்திரத்துத் தரையில் படுத்த அதே காலம். வைஸ்ராய்க்கென்று கட்டிய இடத்தில் பணம் கட்டினால் யாரும் படுக்கலாம். மெட்ரோபோலும் ஹோட்டல். இளவரசிகளுக்கென்று கட்டிய சித்தரஞ்சன் மகால் 'கிரீன் ஹோட்டல்' ஆயிற்று. லாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுப்பது என்பதே அதைத் தொடங்கியவர்களின் நோக்கம். சத்திரத்தின் மனசு போய் உட்கார்ந்திருப்பது ஓர் அரண்மனையில்!

மாணவர்கள் பக்கம் கதை இன்னும் நன்றாகவே இருக்கிறது. கிராமத்துப் பையன்கள் மைசூரில் படிக்க வந்தால் வாரச் சாப்பாடுதான் ஒரு காலத்தில் கதி. ஏழு நாளைக்கு ஏழு வீடு. 1941-ல் சுத்தூர் மடத்தின் சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் ஏழை மாணவர்களுக்கு இலவச விடுதி தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஜே.எஸ்.எஸ். நிறுவனங்கள். சத்திர தர்மம் உயிரோடு இருக்கும் இடம் எது என்று மைசூரில் என்னைக் கேட்டால் மாணவர் விடுதிகளைத்தான் காட்டுவேன்.

இன்னொரு விருந்தாளிக் கூட்டமும் உண்டு. 1933-ல் ஜகன்மோகன அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கியது. பிறகு சென்னைக்கு வந்துவிட்டாரே, அவர்தான். முப்பதுகளில் இந்திரா தேவி என்ற வெளிநாட்டுப் பெண் அவரிடம் மாணவியாகச் சேர அரசரின் சிபாரிசு தேவைப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு சீடர் பட்டாபி ஜோயிஸ் லட்சுமிபுரத்தில் சின்னக் கூடத்தில் சொல்லிக்கொடுத்தார். பின்னர் கோகுலத்துக்கு மாறினார். இன்று கோகுலத்தில் தெருவுக்குத் தெரு வெளிநாட்டு மாணவர்கள், மாதக்கணக்கில். வீட்டுக்காரர்கள் மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டி அவர்களுக்கு விடுகிறார்கள். அங்கே மூன்று ராத்திரிக் கணக்கு இல்லை.

ஆக, மைசூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஒரே ஒரு வகை ஆளுக்கு. தசரா ஊர்வலத்துக்கு முந்தைய இரவு, அரண்மனைப் பக்கத்துத் தொட்டகெரெ மைதானத்து ஓரம் நடந்தேன். வரிசையாகச் சுற்றுலா பஸ்கள். பாதிக்கு மேல் நம் ஊர் எண்கள். சேலம், ஈரோடு, திண்டுக்கல். பஸ் நிழலில் காஸ் அடுப்பு வைத்து ரவா கிச்சடி கிண்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு நடுவே நடைபாதையில் துண்டு விரித்து வயதான பெண்கள் படுத்திருந்தார்கள். ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அறை எடுக்கலீங்களாம்மா?"

"அந்தக் காசுக்கு ஒரு மாசம் அரிசி வாங்கலாம் தம்பி. படுக்கறதுகூடப் பரவால்ல. காலைல எந்திரிச்சா பொம்பளைங்களுக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல, அதுதான் தேடணும்."

பக்கத்திலேயே அரண்மனை ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளோடு பொன்னாய் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் இந்த அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது மெத்தையல்ல. கூரை, கிணறு, பூட்டுள்ள கழிப்பறை, மூன்று ராத்திரி.

பழைய கட்டடத்தில் ஆளைத் தங்கவைப்பது ஆபத்து என்று சொல்வார்கள். 2012-ல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர் போன ஊர் அது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கல்யாணக் கூட்டத்தைத் தாங்குகிற கூரை, கண்காட்சிக் கூட்டத்தைத் தாங்குகிற தளம், முப்பது யாத்திரிகர் படுத்தால் மட்டும் எப்படி இடிந்துவிடும்?

முஜராய் இலாகாவின் கையில் இருக்கும் சத்திரங்களில், தசராவின் பத்து நாளும் கல்யாணமும் கண்காட்சியும் வேண்டாம். மூட்டையோடு வருகிறவர்களுக்குத் திறந்து விடுங்கள். "எத்தனை ராத்திரி?" என்ற முதல் கேள்வி மட்டும் போதும், அந்த இரண்டாவது கேள்வி திரும்பி வர வேண்டாம். கர்நாடக அரசுக்கு இது என் வேண்டுகோள். நமக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் சத்திரம் என்று பெயர் தாங்கிய கட்டடம் இல்லாத பழைய ஊர் அபூர்வம். உங்கள் ஊரில் இருந்தால் ஒரு சாயங்காலம் போய், "இன்னிக்கு ராத்திரி ஒருத்தர் தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள்.