குர்பானிக் கொழுப்பை என்ன செய்கிறோம்?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. குர்பானி இறைச்சியைப் பங்கிடுவதில் நாம் காட்டும் அக்கறையைக் கொழுப்பில் காட்டுவதில்லை. அது சாக்கடை ஓரத்துக்குப் போகிறது. அல்லது அறுப்பவர் கூலியோடு சேர்த்து எடுத்துப் போகிறார். அல்லது ஏழைகளுக்கான பையில் கனம் காட்டச் சேர்கிறது. மூன்றும் சரியல்ல.

கூலியை முதலில் பார்ப்போம். குர்பானிப் பிராணியிலிருந்து எதையும் அறுப்பவருக்குக் கூலியாகத் தரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கொழுப்பும் இதில் அடங்கும். கூலியைப் பணமாக முழுதாகக் கொடுத்துவிட்டு, அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த கொழுப்பை என்ன செய்வது? உருக்கி வைக்கலாம். குண்டிக்காயைச் சுற்றியுள்ள வெள்ளைக் கொழுப்புதான் இதற்கு மிகவும் நல்லது. குடல்மேல் வலைபோல் படர்ந்ததையும் சேர்க்கலாம்; ஆனால் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வாடை போகாது. ரத்தம், இறைச்சித் துணுக்கு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சிறுசிறு துண்டாக நறுக்குங்கள். அடி கனமான பாத்திரத்தில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொழுப்பு உருகத் தொடங்கும் முன் அடிபிடிக்காமல் இருக்கத்தான் இந்தத் தண்ணீர். தீயைச் சிறியதாக வைத்து அவ்வப்போது கிளறுங்கள். அவசரப்பட்டால் கருகி, சமையல் முழுக்கக் கசக்கும். தண்ணீர் வற்றியதும் சலசலப்பு அடங்கும். துண்டுகள் பொன்னிறமாகச் சுருங்கும். அதுதான் பதம். இறக்கி, சற்று ஆறியபின் உலர்ந்த துணியில் வடிகட்டி, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். வெண்ணிறமாக உறைந்துவிடும். சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். மிஞ்சிய மொறுமொறு துணுக்குகளுக்கு உப்பும் மிளகுத்தூளும் போட்டால் பிள்ளைகள் டப்பாவை நகர விடமாட்டார்கள்!

அடுப்பில் கொழுப்பு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். மிச்சத்தைக் கழுவுதொட்டியிலும் கொட்டாதீர்கள். குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

தாளிச்சாவுக்கு வெங்காயம் வதக்கவும் பரோட்டா சுடவும் ஒரு கரண்டி போதும். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் வாயில் ஒட்டும், ஆகவே சூடாகவே பரிமாறுங்கள். லெபனானில் இறைச்சியைச் செம்மறியின் வால் கொழுப்பில் வேகவைத்து உப்பிட்டுக் குளிர்காலத்துக்கு வைப்பார்கள். அதற்குக் கவர்மா என்று பெயர். நம் உப்புக்கண்டத்துக்கு உறவுதான்.

ஆனாலும் இது தினசரி எண்ணெய்க்கு மாற்றல்ல. ஆட்டுக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் அது சுமார் 6 கிராம். அன்றாடச் சக்தியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 22 கிராம். பாலிலும் இறைச்சியிலும் வருவதையும் இதில் கணக்கிட வேண்டும். இதய நோய், சர்க்கரை, கொலஸ்ட்ரால் உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம். "நாட்டு ஆடு, ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறக்கட்டளைக்கு இறைச்சி தரும்போது கொழுப்பைத் தனிப்பையில் கட்டிக் கொடுங்கள். கறிப்பையில் கலந்து கொடுத்தால், அதை வாங்கும் விதவைத் தாய்க்கு ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் கறி தேறாது. தனியாகத் தந்த கொழுப்பை, வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களுக்கு அன்று மாலையே சேர்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.