கூரை மேல் விளையும் மின்சாரம்

பெரிய காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வோர், தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பதுண்டு. அதனை உலர்த்தித் தருபவன் கதிரவன். அவ்வுதவிக்கு எந்த நெசவாளரும் கட்டணம் செலுத்தியதில்லை. அதே பாவு வீட்டினுள் சென்று தறியில் ஏறியபின் நிலைமை மாறிவிடுகிறது. நீண்டு குறுகிய வீடு, கூடத்திலே குழித்தறி, இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். நடுப்பகலிலும் விளக்கு எரிந்தால்தான் இழை கண்ணுக்குப் புலப்படும். வெளியே கொட்டிக் கிடக்கும் ஒளியை உள்ளே கொண்டுவர வழியுண்டா?

2012-ஆம் ஆண்டை நம் குடும்பங்கள் மறந்திரா. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது. விளக்கு அணைந்தால் தறியும் ஓய்ந்துவிடும். நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கிலேயன்றி மணிக் கணக்கில் அன்று. ஆகவே இருட்டில் கழிந்த நேரம் அடுப்பங்கரையில்தான் எதிரொலித்தது. அத்தகைய நெருக்கடி இன்று இல்லை. ஆயினும் கோடை மழையிலும் புயற்காற்றிலும் மின்தடை வராமலில்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். வீட்டுக் காற்றாலை பழைய ஆசை. 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் பெரியதோர் காற்றாலையை நிறுவி, நிலவறையில் வைத்த மின்கலங்களில் மின்சாரத்தைச் சேமித்து விளக்கேற்றினார். காஞ்சியில் அது பலிக்காது என்பதே என் எண்ணம். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயை அடுத்த உடுமலை வட்டாரத்திலும் மலையிடுக்கு காற்றைக் குவித்து அனுப்புகிறது. கோபுரங்களும் மாடி வீடுகளும் நெருங்கிய காஞ்சியில் மொட்டைமாடிக் காற்று முகத்துக்கு இதமளிக்குமேயன்றிச் சுழலியைச் சுழற்றாது.

ஆனால் காற்று இல்லாத ஊரார் காற்று உள்ள இடத்தில் ஆலை வாங்கிய கதை ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் வேண்டியது போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. தனி ஒருவரால் இயலாததை ஊர் கூடிச் செய்தது. அன்பியக் கூட்டங்களில் பேசத்தக்க செய்தி இது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "லவுதாத்தோ சீ" திருமடலிலும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலை உள்ளூர்க் கூட்டுறவுகள் வழியாக உண்டாக்குவோரைப் பாராட்டிக் குறிப்பிட்டுள்ளார்.

இனிச் சூரிய ஒளிக்கு வருவோம். ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெக்கெரல் 1839-இல் கண்டறிந்தார். பயன்படத்தக்க சிலிக்கன் மின்கலம் 1954-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. வத்திக்கானில் ஆறாம் பவுல் மன்றத்தின் கூரை முழுவதும் 2008-இல் சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. 2024-இல், உரோமை நகருக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில், வத்திக்கான் முழுமைக்கும் மின்சாரம் தரும் நிலையம் அமைக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். அவ்வாணைக்கு "சகோதரன் சூரியன்" என்று பெயர். புனித பிரான்சிஸ் அசிசியாரின் படைப்புப் பாடலை அறிந்தோர்க்கு அப்பெயரின் பொருள் விளங்கும்.

நம் வீட்டுக் கணக்கு என்ன? ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி மாடி வேண்டும். தென்திசை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட் கிடைக்கும். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரியத் திட்டம், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் இரண்டுக்கு 60,000 ரூபாயும் மூன்றும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியமாக அறிவித்தது. பகலில் மிகுந்த மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குள் செல்லும். இரவில் அங்கிருந்து பெறுவோம். வித்தியாசத்தை மீட்டர் கணக்கிடும்.

இங்கே ஒரு செய்தியை விற்பனையாளர் பலர் அழுத்திச் சொல்வதில்லை. மின்கலம் இன்றி வாரியக் கம்பியோடு இணைக்கப்பட்ட இவ்வமைப்பு, மின்தடை ஏற்பட்ட கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். மாடியில் வெயில் கொளுத்த, கீழே வீடு இருண்டு கிடக்கும். தடையை வெல்ல எண்ணிப் பணம் போட்டவர் ஏமாறுவார்.

நெசவாளர் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழக அரசு 2023-இல் கைத்தறி நெசவாளர்க்கான இலவச மின்சாரத்தை இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. கட்டணமே வராத வீட்டில் கட்டணத்தைக் குறைக்கக் கடன் வாங்குவானேன்? அவர்களுக்கு வேண்டியது தறிக் குழிக்கு மேல் அணையாத விளக்கு மட்டுமே. 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டும், 30 வாட் அளவில் இயங்கும் புதுவகை மின்விசிறி ஒன்றும் நான்கு மணி நேரம் ஓட, ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் இதைப்போல் இருமடங்கு தரும். 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் ஒன்று அதனைச் சேமித்து வைக்கும். ஓட்டு வீடாயினும் இரும்புச் சட்டத்தில் ஒரு தகட்டை நிறுத்துவது பெரிய வேலையன்று. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் அளித்தபோது அரசும் இச்சிறு வழியையே கையாண்டது. மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதால், மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கி வைப்பது இல்லத்தரசியின் பொறுப்பில் இருந்தால் நலம். ஆண்களிடம் அது தங்காது!

பெரிய அமைப்பு பயன் தருவது கட்டணம் மிகுதியாகச் செலுத்தும் இடங்களில்தான். மாடி அகன்ற பள்ளிக்கூடம், கன்னியர் இல்லம், பங்குக் கட்டடம் ஆகியவை பெரும்பாலும் பகலில்தான் மின்சாரத்தைச் செலவிடுகின்றன. கையெழுத்திடும் முன், அண்டைத் தென்னையின் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே விழுகிறது என்று மாடியேறிப் பார்க்கவேண்டும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றன்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் விளைச்சலும் குன்றும். தூசியும் பறவை எச்சமும் அப்படியே. வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், குளிர்ந்த நீரால் கழுவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும்போது தகடு தருவது சொற்பமே. தறிக்குழியில் ஈரம் ஊறி, தெருவில் பாவு விரிக்கவும் வழியில்லாத நாட்கள் அவை. அப்போது வாரிய மின்சாரத்தாலேயே மின்கலத்தை ஏற்றிக்கொள்ளத்தக்க இணைப்பினைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் மாற்றுவதாயின் இன்வெர்ட்டரையே மாற்ற நேரிடலாம்.