காதணியை அடகு வைக்குமுன்

அண்மையில் மூதாட்டி ஒருவர், தாம் வளர்க்கும் நாயின் சிகிச்சைக்காகக் காதணியை அடகு வைக்க எங்கள் கிளைக்கு வந்தார். அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றீர்களா என வினவினேன். “அது ஆடு, மாடுகளுக்குத்தானே ஐயா?” என்றார்.

பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அங்கு நாய், பூனைகளுக்கும் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய தேவைகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். விலங்கு நலச் சங்கங்கள் சிலவும் ஏழைகளுக்கு உதவுகின்றன.

செல்லப் பிராணிக் காப்பீட்டை நோய் வருமுன்னரே எடுத்தல் வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. காப்பீட்டுக்கு வசதியில்லாதோர், தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 200 ரூபாய் செலுத்தினால், ஓராண்டில் 2,400 ரூபாயும் வட்டியும் கையிலிருக்கும்.

மூதாட்டி காதணியுடனேயே மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.