தரையை அடைக்கும் முன்

திருவள்ளூர் மாவட்டத்து வேப்பம்பட்டில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை தாராளம். வாசலில் நிற்கும் கேம்பர் டிரெய்லரைப் பொங்கல் விடுமுறைக்கு ஊட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அது போதாது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனி விழும். வண்டிக்கு அடியிலும் குளிர்காற்று ஓடும். கூரைக்கும் சுவருக்கும் செலவழித்தவர்கள்கூடத் தரையை மறந்துவிடுவதால், உள்ளே எத்தனை கம்பளி விரித்தாலும் கால் விறைக்கிறது. தரைக்கு அடியில் இன்சுலேஷன் போட அம்பத்தூர், ஆவடிப் பட்டறை எதிலாவது வண்டியை விடுவதற்கு முன், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம்.

2024 டிசம்பர் 23 அன்று, கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. சோதனையில் இரண்டு மணி நேரத்துக்குள் அதன் அளவு 900 பிபிஎம்மைத் தாண்டியது. அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

ஒயர் இறங்க ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, போல்ட் கழற்றி விட்ட இடத்தில் இன்னொன்று என்று டிரெய்லர் தரையில் ஓட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். ப்ளைவுட்டைப் பிரிக்கும்போதுதான் எல்லாம் கண்ணில் படும். இன்சுலேஷன் ஷீட்டை அதன்மேல் ஒட்டி மறைத்துவிட்டால் ஓட்டை அடைபட்டதாக ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் புஷ் போட்டு, சீலன்ட் அடித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை வண்டியை ஒட்டி ஓடவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நன்றாக இன்சுலேஷன் போட்ட பெட்டிக்குள் காற்று புக வழி குறைந்துவிடும். அதற்குள் கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ மூட்டினால் நச்சு உள்ளேயே உற்பத்தியாகும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் இருந்த பார்பிக்யூ கரி அடுப்பின் புகை திருச்சியிலிருந்து வந்த இருவரின் உயிரைக் குடித்தது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய எட்டு மலையாளிகளுக்கும் அதே கதிதான். அதனால் மேலே ஒன்று, தரைமட்டத்தில் ஒன்று என இரண்டு காற்றுவழிகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரைமட்டத் துவாரம்தான் அதற்கு வாசல். ‘இதுலதான் சார் குளிர் வருது’ என்று பட்டறைக்காரர் அதையும் சேர்த்து அடைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். கேஸ் கசிவு அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வெவ்வேறு கருவிகள், இரண்டையும் வாங்குங்கள். வண்டிக்குள் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சொன்னால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும், பிறகு 108.

இனி ஈரம். குளிர்நாட்டுக்காரர் செய்வதை அப்படியே செய்தால் இங்கே சரிப்படாது. ஊட்டியில் நம் மூச்சின் ஈரம் உள்ளிருந்து போய் சில்லிட்ட தகரத்தில் வியர்க்கும். வேப்பம்பட்டிலோ வெளிக்காற்றே ஈரம், ஏ.சி. போட்டால் ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி நகரும். வண்டி வருடத்தில் பெரும்பகுதி இங்கேதான் நிற்கப்போகிறது. ஆகவே கிளாஸ் வூல் வேண்டாம். தண்ணீர் குடித்த பஞ்சு மாதிரி ஆகி, ப்ளைவுட்டையும் அழுக வைக்கும். சாதா தெர்மாகோல் மலிவு, ஆனால் எலி விடாது. நீர் புகாத, மூடிய அறைகள் கொண்ட பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) ஷீட் அல்லது ஏ.சி. டக்டுக்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பர் ஷீட் நல்லது. ஒரு அங்குல பஃப், ஏறக்குறைய ஐந்து அங்குல ப்ளைவுட்டுக்குச் சமமாகச் சூட்டைத் தடுக்கும். ஷீட் போட்ட பிறகு சேசிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, ஃபோம் தீப்பிடித்தால் அதன் புகையே கொல்லும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான்.

பத்தடிக்கு ஆறடித் தரைக்கு ஒரு அங்குல பஃப் ஷீட் ஆறேழு கிலோதான் வரும். ஆனால் அதன்மேல் புதிதாக 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளை போட்டால் இன்னும் 45 கிலோ ஏறும். சட்டம் நுழைவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே, பதிவு கட்டாயம். பதிவுச் சான்றில் காலி எடை இருக்கும். சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வெறும் ஷீட் ஒட்டுவதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தரையையே மாற்றுவது, சேசிஸை வெட்டுவது, எடை கூட்டுவது என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வசதியான காரணம்.

பட்டறையில் பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று துண்டுச்சீட்டோடு வந்தால், பிற்பாடு வழக்கு நடத்த ஆதாரம் இருக்காது. பொருளின் பெயர், தடிமன், எத்தனை சதுர அடி என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். பஃப் என்று சொல்லி தெர்மாகோல் வைத்தாலோ, ஒரே மழையில் தரை ஊறிப் போனாலோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ், பிறகு தேசிய உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. இன்சூரன்ஸ் மறுப்புக்கு வழி தனி. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவரால் தீர்ப்பளிக்க முடியும்.