தகரத் தடுப்புக்குப் பின்னால் திருப்பூர் ஸ்டேஷன்

ரயில்வே ஸ்டேஷனில் வேலை நடக்கும்போது நட்டுவைப்பார்களே, அந்தத் தகரத் தடுப்பைப் பார்த்துவிட்டால் எனக்குக் கால் நகராது. ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், கண்ணை வைத்துவிடுவேன். உள்ளே தோண்டிய குழி, சுவரில் சிவப்புக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸில் எழுதிய எண். அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்புறம் பிளாட்பாரத்தில் சும்மா நடக்கவே முடியாது. ஒவ்வோர் அடியும் கதை சொல்ல ஆரம்பித்துவிடும்!

2023 ஆகஸ்ட் 6 அன்று நாடு முழுக்க 508 ரயில் நிலையங்களைப் புதுப்பிக்க ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். அம்ரித் பாரத் நிலையத் திட்டம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் வந்த பதினெட்டில் திருப்பூரும் ஒன்று. முகப்பு, வண்டி நிறுத்துமிடம், காத்திருப்புக் கூடம் எல்லாம் கண்ணில் படும் வேலைகள். படம் எடுத்துப் போடுவார்கள். என்னைச் சொக்க வைப்பது காலில் படும் வேலைகள். சாய்தளம், லிஃப்ட், புடைப்பு ஓடு, பிளாட்பாரத்தின் உயரம். கைத்தடியோடு வருகிறவரும், சக்கர நாற்காலியில் வருகிறவரும், நிறைமாத கர்ப்பிணியும் யார் தயவும் இல்லாமல் வண்டி ஏறுவதற்கான வேலைகள்.

அதற்கு முன்னால் இந்த இடத்தின் வயசைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூர் ஊருக்குள் ரயில் நுழைவதற்குப் பதினோரு வருஷம் முன்பே திருப்பூர் வழியாக ரயில் ஓடிவிட்டது! மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் அது. கிழக்குக் கடற்கரையையும் மேற்கே பேப்பூர்க் கடற்கரையையும் இணைப்பது அவர்கள் எண்ணம். ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று தடம் நீண்டு, 1862-ல் இந்தக் காட்டு வழியாகப் போத்தனூரைத் தொட்டது. கோயம்புத்தூரை ஓரமாக விட்டுவிட்டார்கள். 1873-ல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் கிளைத் தடம் போட்டபோதுதான் அந்த ஊருக்கு ஸ்டேஷன் கிடைத்தது.

1862 என்ற வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை; இந்தியப் பஞ்சுக்கு அலைகிறார்கள். அதே நேரத்தில் பருத்தி விளையும் கரிசல் காட்டுக்கு நடுவே இரும்புப் பாதை வந்து விழுகிறது. பின்னாளில் இந்த ஊர் பருத்திச் சந்தையாகவும், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைகளின் ஊராகவும், கதர் இயக்கம் வந்தபோது அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைமையிடமாகவும் ஆனதற்கெல்லாம் இந்தத் தண்டவாளத்துக்கும் பங்கு உண்டு. 1932 ஜனவரி 10 அன்று, விடுதலைப் போராட்டத்தில், கொடியைக் கீழே விடாமல் தடியடி வாங்கி, மறுநாள் உயிர் விட்ட குமரனின் நினைவகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். வெளியே வந்தால் கால் வைப்பது குமரன் ரோட்டில்.

கம்பெனிகள் மாறின. 1908-ல் ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கத் தடம் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குப் போனது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே பிறந்தது. 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவானதும் திருப்பூர் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து பிரிந்து அதற்குள் வந்தது. இதையெல்லாம்விட ஸ்டேஷனை மாற்றியது பனியன்தான். 1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து வியாபாரிகள் வெள்ளை பனியன் கேட்டு வந்தார்கள். பிறகு ஊர் நின்று மூச்சு விடவில்லை. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது ஜார்க்கண்டும் ஒடிசாவும் மூட்டை முடிச்சோடு இறங்குகின்றன. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் அதே மக்களை வடக்கே கொண்டுபோன சிறப்பு ரயில்களும் இங்கிருந்து புறப்பட்டன. 2023 ஏப்ரலிலிருந்து சென்னை–கோவை வந்தே பாரத் நிற்கிறது.

ஆனால் ஸ்டேஷனின் உயிர் காலை பாசஞ்சர் வண்டியில் இருக்கிறது. விஜயமங்கலம், ஊத்துக்குளி அந்தப் பக்கம். வஞ்சிபாளையம், சோமனூர் இந்தப் பக்கம். தூக்குப்போசியோடு இறங்கி, பனியன் கம்பெனிகளில் செக்கிங்குக்கும் பவர் டேபிளுக்கும் காஜா பட்டனுக்கும் ஓடுகிற கூட்டம். சென்னையின் புறநகர் மின்வண்டி மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒன்று இங்கே கிடையாது. விட்டால் ஷிஃப்ட் போச்சு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ராத்திரியில் பாருங்கள், ஊர் முழுக்க ஊருக்குப் போகிறது! இந்த நெரிசலில், காலில் வலு குறைந்த ஒருவர் எப்படி ஏறி இறங்குகிறார் என்ற கேள்வியோடு இப்போது தகரத்துக்குப் பின்னால் வாருங்கள்.

முதலில் அந்தச் சாக்பீஸ் எண். பிளாட்பாரத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்க மாட்டார்கள். தண்டவாளத்தின் தலையிலிருந்து அளப்பார்கள். உயர்மட்ட நடைமேடை என்றால் அங்கிருந்து 760 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 840-ஐத் தாண்டக் கூடாது. தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புக் கல் வரை 1670-லிருந்து 1680 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர்தான் சலுகை! ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. உள்ளே தள்ளினால் பெட்டி உரசும். வெளியே தள்ளினால் குழந்தையின் கால் போகும். கட்டிங் மாஸ்டர் கால் அங்குலம் பிசகினால் லாட்டே ரிஜெக்ட் ஆகிற ஊருக்கு இந்தக் கண்டிப்பு புரியும்.

இன்னொரு ரகசியம். பிளாட்பாரம் தானாகக் குள்ளமாகும்! வருஷா வருஷம் ஜல்லி போட்டு, அடியில் இடித்து இறுக்கி, தண்டவாளத்தைச் சமன் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் தண்டவாளம் துளித்துளியாக மேலே ஏறும். பிளாட்பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் உயர்த்தும் வேலை ஒருமுறை செய்து முடிக்கிற வேலை கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை திரும்பவும் வரும். தரையும் நேர்மட்டம் இல்லை. தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் ஓடுவதற்கு மட்டுமில்லை; கைவிட்ட சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ தண்டவாளத்தின் பக்கம் உருண்டுவிடாமல் இருக்கவும்தான். இத்தனை வருஷம் அதன் மேல் நடந்திருக்கிறோம், கவனித்தோமா?

இரவு வேலை இன்னும் பரபரப்பு. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தின் இரும்புத் துலாவைத் தூக்கி வைக்க வேண்டும் என்றால் வண்டியும் நிற்க வேண்டும், மின்சாரமும் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ‘பிளாக்’. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். நேரம் வந்ததும் மின்சாரத்தை அணைத்து, கம்பியில் மிச்சம் இருப்பதை இறக்க எர்த் கம்பியை மாட்டிய பிறகே மேலே ஆள் ஏறுவார். கிரேன் தூக்கும், போல்ட் முடுக்குவார்கள், குறித்த நிமிஷத்துக்குள் எல்லோரும் விலகி, அடுத்த வண்டிக்கு வழி விட வேண்டும். பகலில் பிளாட்பார ஓரத்தில் கல் வைக்கும்போது பச்சை, சிவப்புக் கொடியோடு ஒருவர் தள்ளி நின்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஊதலை வாயில் வைத்தபடி. அவர் ஊதினால் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். எல்லோருடைய உயிரும் அந்த ஊதலில். அவரைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

சரி, பாலத்துக்குப் படி மட்டும் போதாது, சாய்தளம் போடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு மீட்டர் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீள வேண்டும். மின்கம்பிக்கு மேலே போகிற பாலத்துக்கு பிளாட்பாரத்திலிருந்து ஆறு மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால் எழுபது மீட்டருக்கு மேல் தளம்! நடுநடுவே இளைப்பாற மட்டமான இடங்கள் வேறு. அதனால் வாசலில் உள்ள நாலைந்து படிக்குச் சாய்தளம், பாலத்துக்கு லிஃப்ட். திருப்பூரில் இரண்டே நடைமேடைகள். ஈரோடு பக்கம் போகிற வண்டியும் கோவை பக்கம் போகிற வண்டியும் ஆளுக்கொரு பக்கம். ஆகவே இங்கே லிஃப்ட் நின்றுவிட்டால் ஒருவருக்குப் பாதி ரயில் உலகம் மூடிக்கொள்கிறது. லிஃப்ட் வராத காலத்தில் ஸ்டேஷன்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிளாட்பாரத்தின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், பார்சல் வண்டி கடக்கிற டிராலிப் பாதையில் தண்டவாளத்தின் குறுக்கே நாற்காலியை உருட்டினார்கள். சாமான் போகிற வழியில் மனுஷர். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. அது உதவி இல்லை, உரிமை.

அடுத்தது மஞ்சள் ஓடு. இதைப் பார்த்தால் எனக்குத் துள்ளல் வந்துவிடும். நீளக் கோடுகள் புடைத்திருந்தால் ‘இப்படியே போங்க’ என்று பொருள். வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் ‘நில்லுங்க, முன்னால் ஏதோ இருக்கு’. ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் 1965-ல் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். பார்வை இல்லாதவருக்குச் செருப்பு வழியாகவும் கைத்தடி வழியாகவும் தரை பேசுகிறது! ஒகயாமாவின் மொழியை ஊத்துக்குளி அம்மாவின் கால் படிக்கிறது.

திருப்பூரில் அந்த ஓட்டுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. பனியன் பண்டல். பார்சல் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து மஞ்சள் பட்டைமேல் அடுக்கிவிட்டால், பாதை காட்டுகிற ஓடே ஆளை மோதவிடும். டீக் கடை ஸ்டூலும் அதேதான். பதித்தவர் ஒரு தடவை உழைத்தார். காலியாக வைத்திருப்பது தினமும் நம் எல்லோருடைய வேலை.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவே என்னை உறுத்துகிற ஒன்று இருக்கிறது, அந்தச் சாக்பீஸ் எண்ணுக்கே திரும்ப வேண்டும். பிளாட்பாரம் அதிகபட்சம் 840 மில்லிமீட்டர். நீண்ட தூர வண்டிப் பெட்டியின் தளமோ தண்டவாளத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டருக்கு மேலே. வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை அடி. லிஃப்ட், சாய்தளம், மஞ்சள் ஓடு எல்லாம் வைத்து வண்டி வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, அந்த ஒன்றரை அடியில் நாற்காலியோடு ஆளைத் தூக்க வேண்டியிருக்கிறது. பிளாட்பாரத்தை இன்னும் உயர்த்திவிடலாம் என்றால், எல்லா வகை வண்டியும் சரக்கும் ஓடுகிற தடத்தில் அது எளிதில்லை. மும்பையின் புறநகர்த் தடத்தில் 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள்; மெட்ரோ ரயிலில் தளமும் பெட்டியும் ஒரே மட்டம். இதே அம்ரித் பாரத் திட்டத்தில் 2025 மே 22 அன்று திறந்த சென்னையின் பரங்கிமலை நிலையத்திலும் மின்வண்டியில் கால் தூக்கித்தான் ஏற வேண்டும்.

வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. கையில் தூக்கிவந்து பெட்டி வாசலில் சாய்க்கிற பலகை. சில பெரிய நிலையங்களில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும், அதை எடுத்துவர ஓர் ஆளோடு வேண்டும். இன்னொன்று: அகலக் கதவு வைத்த மாற்றுத்திறனாளிகள் பெட்டி பல வண்டிகளில் ரயிலின் கோடியில் மாட்டியிருக்கும். லிஃப்ட் நடுவில், பெட்டி கோடியில், வண்டி நிற்பதோ இரண்டு நிமிஷம். அந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தரையிலேயே ஒரு சக்கர நாற்காலிப் படம் வரைந்து, அதுவரை கூரையும் மஞ்சள் ஓடும் போட்டுவிட்டால் பாதிக் கஷ்டம் போயிற்று.

அடுத்தமுறை வண்டிக்கு நேரமிருந்தால் நீங்களும் குனிந்து பாருங்கள்: விளிம்புக் கல், சரிவு, புள்ளி ஓடு, லிஃப்ட் பொத்தானின் உயரம், பக்கத்தில் பிரெய்ல் இருக்கிறதா என்று. வீட்டில் யாருக்காவது சக்கர நாற்காலி வேண்டியிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கேளுங்கள். லிஃப்ட் ஓடவில்லை என்றாலோ மஞ்சள் பட்டைமேல் பண்டல் கிடந்தாலோ 139-க்கு அடித்துச் சொல்லுங்கள், தயங்கவே தயங்காதீர்கள்.