ஐந்து மாதப் பயிற்சியும் அதற்குப் பின்னும்

பெல்ஜிய நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஆண்டுக்கு இருமுறை, ஜூலை முடிவிலும் பிப்ரவரி முடிவிலும், நூற்றுக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் தங்கள் அடையாளச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார்கள். இவர்கள் ஐரோப்பிய யூனியனின் நிர்வாக ஸ்தாபனமாகிய ஐரோப்பியக் கமிஷனில் ஐந்து மாதம் பயிற்சி பெற்ற பட்டதாரிகள். 1960-ம் ஆண்டு தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு ‘நீலப் புத்தகப் பயிற்சி’ என்று பெயர். முதற்கட்டத்தில் தேறியவர்களின் பட்டியலுக்கு வழங்கிய பெயர் அது. பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித் தொகை உண்டு. புதிதாகச் சேரும் பட்டதாரி அதிகாரியின் அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. ஐந்து மாதத்துக்கு மேல் நீட்டிப்புக் கிடையாது. ஒருமுறை பயின்றவர் மறுமுறை வர முடியாது.

இவர்களில் சிலர் ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்குமான இலாகாவில் அமர்கிறார்கள். அங்கிருந்து விடைபெறும் இளைஞரைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம். புத்தாக்கம் என்ற சொல் நமக்குப் புதிது, பொருள் புதிதன்று. சோதனைச் சாலையில் ஒரு புதுச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டால் அது ஆராய்ச்சி. அந்தச் சாயம் தொட்டிக்கு வந்து, நூலில் ஏறி, துணி விலை போனால் அது புத்தாக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் பொதுப் பணம் கொடுப்பது என்று தீர்மானிப்பதே புத்தாக்கக் கொள்கை. தொகையும் சிறிதன்று. 2021 முதல் 2027 வரைக்கான ‘ஹொரைசன் யூரோப்’ திட்டத்துக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது சுமார் 9,550 கோடி யூரோ. அதற்குள் அடங்கியதாக 2021-ல் ஏற்பட்ட ஐரோப்பியப் புத்தாக்கக் கவுன்சில், ஒரு சிறு கம்பெனிக்கு 25 லட்சம் யூரோவுக்கு உட்பட்ட மானியம் வழங்க இடமுண்டு.

பயிற்சியாளர் பெரிய காரியங்களைச் செய்துவிடுவதில்லை. கூட்டங்களில் குறிப்பு எடுக்கிறார். தொழில் சங்கங்களும் பிறரும் எழுதியனுப்பும் அபிப்பிராயங்களைச் சுருக்கித் தருகிறார். மேலதிகாரி பேச வேண்டிய விஷயத்துக்கு விவரம் திரட்டுகிறார். மனுக்களுக்கு மதிப்பெண் போடுவது வெளி நிபுணர்களின் வேலை. அதில் இவருக்குக் கை இல்லை. ஆனாலும் ஒன்றை நன்றாகக் கண்டுகொள்கிறார். விதி எழுதுகிறவர் மனத்தில் இருப்பது ஒன்று. தொலைவில் ஒரு சிற்றூரில் உட்கார்ந்து அந்த விதியைப் படிப்பவர் புரிந்துகொள்வது வேறொன்று. உதாரணமாக, தகுதி மதிப்பெண் பெற்றும் பணம் போதாமையால் விடுபட்ட மனுக்களுக்கு 2015 முதல் ஒரு சிறப்பு முத்திரை வழங்குகிறார்கள். அதைக் காட்டி வேறு நிதியில் உதவி கேட்கலாம். முத்திரை கௌரவமானதுதான், ஆனால் முத்திரை பணமாகிவிடாது. எந்த நிதியின் கதவைத் தட்டினால் அதற்கு மதிப்புண்டு என்று அறிந்தவர் ஊருக்கு ஒருவர் வேண்டும்.

இப்படிப் பழகியவரை, வேலை பிடிபடும் தருணத்தில் அனுப்பிவிடுகிறார்களே என்று தோன்றும். பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைக்காமல் போன குமாஸ்தாவுக்குப் பின் ஒரு சங்கம் படும் பாட்டைக் கணக்குத் தணிக்கையில் கண்டிருக்கும் நமக்கு அது இன்னும் உறுத்தும். ஆயினும் இந்தப் பிரிவு தவறி நேர்வதன்று, ஏற்பாடே அப்படி. பயிற்சி உத்தியோகத்துக்கு உரிமை தருவதில்லை. நிரந்தர வேலை வேண்டுவோர் மற்றவர்களைப் போலப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். உள்ளே கற்றது வெளியே போக வேண்டும் என்பதே கருத்து.

வெளியே என்றால் எங்கே? பிரஸ்ஸல்ஸிலேயே மானிய மனு எழுதிக் கொடுக்கும் ஆலோசனைக் கம்பெனிகள் பல உண்டு. சில முன்பணம் வாங்கும். சில கிடைத்த மானியத்தில் பங்கு கேட்கும். கமிஷனுக்குள் பழகிய இளைஞருக்கு அங்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. சம்பளம் தேடுவது குற்றமும் அன்று. பெருநகரில் கால் சம்பளத்தைக் கொண்டு ஐந்து மாதம் ஓட்டியவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பொதுப் பணத்தில் கற்ற வித்தை, விலை கொடுக்க வல்லவருக்கு மட்டும் பயன்படுமானால், தரகரை விலக்குவதற்கென்றே தோன்றிய இயக்கத்தைச் சேர்ந்த நமக்கு அது உவப்பாயிராது. கமிஷன் 2001 முதல் வெளியிட்டு வரும் புத்தாக்க மதிப்பீட்டுப் பட்டியலில் ருமேனியாவும் பல்கேரியாவும் பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையில் நிற்கின்றன. இத்தகைய நாடுகள் கூடுதலாகப் பங்கு பெற வேண்டுமென்று ஹொரைசன் தொகையில் நூற்றுக்கு 3.3 பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணத்தை ஒதுக்கிவிட்டால் மனு தானே எழுதிக்கொள்ளுமா?

ஊர் திரும்ப நினைக்கும் இளைஞருக்கு ஏற்ற இடம் ஒன்று இருக்கவே செய்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் இத்திட்டத்துக்குத் தேசியத் தொடர்பு அலுவலர்கள் உண்டு. மனுச் செய்வோருக்கு அவர்கள் கட்டணமின்றி, அந்நாட்டு மொழியிலேயே விளக்கம் சொல்கிறார்கள். சோபியாவிலோ புகாரெஸ்டிலோ அந்த மேஜையில் பிரஸ்ஸல்ஸ் பழகிய ஒருவர் அமர்ந்தால், சிறு ஆலை நடத்தும் ஒருவர் தம் மனுவை அனுப்புமுன் காசு செலவில்லாமல் காட்டிக் கேட்கலாம். பயிற்சியின் ஐந்தாவது மாதத்தில் ஒரு வாரமாவது இளைஞரை அவரவர் நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் இருக்கச் செய்யலாம் என்பது நம் அபிப்பிராயம். செலவு அதிகமாகாது, பிரஸ்ஸல்ஸிலிருந்து சோபியாவுக்கு விமானத்தில் சுமார் மூன்று மணி நேரப் பயணந்தான்.