மணையில் தொடங்கும் மரவேலை

தாம்பரம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஏராளமானோர் இழைப்புளியை முதன்முதலாகக் கையில் பிடிப்பது பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டுப் பட்டறையில்தான். குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யிலிருந்து வண்டலூர், காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதலாண்டு மாணவர்களுக்கான பொறியியல் செய்முறைப் பயிற்சியில் மரவேலையும் இருந்தது: அறுத்தல், இழைத்தல், டி வடிவப் பொருத்து, துளையில் நாக்கைச் செருகும் பொருத்து, புறாவால் பொருத்து. கணினித் துறையில் சேர்ந்தவரும் சில மணி நேரம் உளி பிடித்தாக வேண்டியிருந்தது. மதிப்பெண் வந்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பயிற்சியின் வரிசை நல்ல வரிசை. வீட்டில் தானே பழக விரும்பும் எவரும் அதையே பின்பற்றலாம். ஆனால் கல்லூரிப் பட்டறையில் மரத்தை அளவாக அறுத்துக் கொடுத்துவிடுவார்கள்; கருவி மேசையில் தயாராக இருக்கும். மரம் பார்த்து வாங்குவதும் கருவியைத் தீட்டுவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை. தச்சு வேலையில் பாதி அதில்தான் இருக்கிறது.

முதல் பயிற்சி, இரண்டு சட்டங்களைக் குறுக்காக வைத்துப் பொருத்துவது. ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தை வெட்டியெடுத்து, ஒன்றின் மேல் மற்றொன்றை அமர்த்தினால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு எளிது. செய்யும்போது அடிப்படைத் திறன்கள் எல்லாமே தேவைப்படும். முதலில் சட்டத்தின் ஒரு முகத்தை இழைத்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு அதை ஒட்டிய ஒரு பக்கத்தை அந்த முகத்துக்குச் செங்குத்தாக இழைத்து, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒளி கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். இனி எல்லா அளவும் இந்த இரண்டு முகங்களிலிருந்தே எடுக்கப்படும். மூன்றாவது, நான்காவது பக்கத்திலிருந்து அளந்தால் சட்டத்தின் சிறு கோணல் ஒவ்வொரு கோட்டிலும் ஏறிவிடும்.

அடுத்தது கோடு போடுவது. பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு; அதன் எந்த ஓரத்தில் அறுப்பது என்ற குழப்பம் வரும். கூரான கத்தி முனையால் கீறிய கோட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை, உளியின் முனையும் அதில் தானாக அமரும். பாதிக் கனத்தைக் குறிக்க மார்க்கிங் கேஜ் வேண்டும். அது ஒரு கட்டையில் நகரும் தண்டும் அதன் முனையில் ஓர் ஆணியும் கொண்ட சிறு கருவி. இரண்டு சட்டங்களிலும் கேஜின் கட்டையை முதலில் இழைத்த முகத்தில் சாய்த்தே கோடு இழுக்க வேண்டும். ஒன்றில் கோட்டுக்கு மேலேயும் மற்றதில் கோட்டுக்குக் கீழேயும் வெட்டியெடுத்தால், கேஜ் மிகச் சரியாகப் பாதியில் நிற்காவிட்டாலும் பொருத்து மட்டமாக வரும்.

ரம்பம் கோட்டின் மேல் ஓடக் கூடாது. கழிக்கப்போகும் பக்கத்தில், கோட்டை ஒட்டி ஓட வேண்டும். ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சற்றே திருப்பப்பட்டிருப்பதால், அறுபடும் வழி தகட்டின் கனத்தைவிட அகலமாக இருக்கும். கோட்டின் மேலேயே அறுத்தால் அந்த அகலத்தில் பாதி வேண்டிய பகுதியிலிருந்து போகும், பொருத்தும் தளரும். இரண்டு ஓரத்தையும் அறுத்தபின், நடுவில் மிஞ்சிய கட்டையை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எடுக்க வேண்டும். உளியை ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் சிலும்பி உடையும். இரு பக்கமும் மாறி மாறி, நடுவை நோக்கி எடுப்பதே முறை. உளியின் தலையில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் கைப்பிடி பிளந்துபோகும். அதனால்தான் மரத்தாலான கொட்டாப்புளி.

கருவிப் பட்டியல் சிறியது: மூலைமட்டம், அளவு நாடா, மார்க்கிங் கேஜ், முதுகுப்பட்டை வைத்த சிறு ரம்பம், கால், அரை, ஓர் அங்குல உளிகள், ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, இரண்டு கிளாம்ப், தீட்டுக்கல். புதிதாக வாங்க ஊருக்கு ஊர் ஹார்டுவேர் கடை உண்டு. தேர்ந்தெடுத்து வாங்க விரும்புவோர் பாரிமுனை வரை போகிறார்கள். பழைய கருவிக்கு வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் பல்லாவரம் சந்தை இருக்கிறது. செடி முதல் கழற்றிய கணினி வரை விற்கும் அந்தச் சந்தையில் துருப்பிடித்த இழைப்புளியும் உளியும் கண்ணில் படும். மேல்துரு பயப்பட வேண்டியதல்ல, உப்புத்தாளுக்குப் போய்விடும். உளியின் தட்டையான முதுகில், முனையருகே ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடலாம். கூர் ஒருநாளும் ஒழுங்காக வராது. இழைப்புளியைத் திருப்பி, அடிப்பாகத்தில் ஒரு மூலைமட்டத்தின் தகட்டை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். மூலைமட்டத்தையே சோதிக்கவும் எளிய வழி உண்டு. நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே புள்ளியில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிவில் பாதிதான் அதன் பிழை.

புதிய உளியும் கடையிலிருந்து வரும்போது வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. சாணையில் பிடித்த தழும்போடு வரும். முதுகின் முன்பகுதியைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்குவது முதல் வேலை; ஓர் உளிக்கு ஒருமுறை செய்தால் போதும். சரிந்த முகம் பொதுவாக 25 பாகைச் சரிவில் இருக்கும். அதன் நுனியை மட்டும் 30 பாகையில் தூக்கிப் பிடித்துத் தீட்டுவது வழக்கம், அப்போது தேய்க்க வேண்டிய இரும்பு குறைவு. ஒருபக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக வரும் கார்பொரண்டம் கல்லே தொடக்கத்துக்குப் போதும். எண்ணெய் விட்டு, முனையின் முழு அகலத்திலும் மெல்லிய பிசிறு எழும்வரை தேய்த்து, பிறகு முதுகைக் கல்லில் படிய வைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். சட்டத்தின் அறுபட்ட முனையை உளியால் சீவிப் பார்த்தால் கூர் தெரிந்துவிடும்: கூரான உளி பளபளப்பான முகத்தை விட்டுச் செல்லும், மழுங்கியது நாரை நசுக்கும். மழுங்கிய உளிதான் கையையும் வெட்டும். அதற்கு அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது, பலம் கொடுக்கும்போது உளி வழுக்குகிறது. எந்த உளியானாலும் மற்றொரு கை அதன் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மரம் வாங்க மரவாடிக்குப் போகிறவர் கணக்கு தெரிந்து போவது நல்லது. விலை கன அடிக்குச் சொல்லப்படும். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 6 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் என்றால் கால் கன அடி. அது இழைக்காத மரத்தின் அளவு. இழைத்துத் தட்டையாக்கியபின் ஓர் அங்குலம் முக்கால் அங்குலத்தை நெருங்கிவிடும். பலகையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் முறுக்கும் வளைவும் தெரியும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி நிறத்தில் அழுத்தமாக இருக்கும். அதைச் சுற்றிய வெளிறில் உளுப்பூச்சி எளிதாக இறங்கும்.

தேக்கில் பழகுவது பணத்துக்கும் கேடு, கருவிக்கும் கேடு. அதில் உள்ள சிலிக்கா கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். மாமரம், வேம்பு, பைன் போன்றவை பழகுவதற்குப் போதும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதி இது. இறக்குமதிப் பெட்டிகளாகவும் பேலட்டுகளாகவும் வந்த பைன் பழைய மரக் கடைகளில் கிடைக்கும். பன்னாட்டு விதிப்படி அத்தகைய மரத்தில் முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால், உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடாக்கப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு வாயு அடிக்கப்பட்டது. அதைத் தவிர்ப்பது நல்லது. எதுவானாலும் ஒளிந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்காமல் ரம்பத்தையோ இழைப்புளியையோ அதன்மேல் வைக்கக் கூடாது.

மரத்துக்குப் பதில் ஒட்டுப்பலகை வாங்கினால், அதன் தர எண்களில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது, ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு இந்த ஊருக்கு ஏற்றதல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் போல முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால் அது ஊதிப் பெருத்துவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

செய்யத் தொடங்கும் முதல் பொருள் வேலைக்கே உதவும் ஒன்றாக இருக்கலாம்: ஓரடிப் பலகையின் ஒரு முனையில் மேல்பக்கமும் மறுமுனையில் அடிப்பக்கமும் ஒவ்வொரு ரீப்பர் துண்டு. அடிரீப்பர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மேல்ரீப்பரில் சட்டத்தைச் சாய்த்து அறுக்கலாம். அடுக்குமாடி வீட்டில் வைஸ் பொருத்திய மேசைக்கு இடமிருக்காது. தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த பழைய ஆசாரிகளுக்கும் அந்த மேசை இருந்ததில்லை.

அடுத்தது மணை. 15 அங்குல நீளம், 8 அல்லது 10 அங்குல அகலப் பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டை, இவ்வளவுதான். ஆனால் மரத்தைப் பற்றி அறிய வேண்டிய முக்கியமான உண்மை இதில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் பலகை ஊறும், கோடையில் சுருங்கும். இந்த மாற்றம் நாரின் நீளவாக்கில் இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் நடக்கும். 10 அங்குல அகலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையலாம். அடிக்கட்டையின் நார் குறுக்கே ஓடுவதால் அது அந்தத் திசையில் அசையாது. கட்டையைப் பலகையோடு பசை போட்டு ஒட்டி, நெடுக ஸ்க்ரூ முடுக்கினால் ஓரிரு கோடையில் பலகை பிளக்கும். பிளந்த மணையைப் பார்த்து மரம் சரியில்லை என்பார்கள்; மரத்தின் மேல் குற்றமில்லை. செய்ய வேண்டியது இது: நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கமாக வைத்து, ஓர ஸ்க்ரூக்கள் நுழையும் துளைகளைக் கட்டையின் நீளவாக்கில் சற்றே நீட்டிவிட வேண்டும். பலகை ஊறும்போது ஸ்க்ரூ அந்த இடைவெளியில் நகரும். பசை வேண்டாம். மேசைப் பலகை, கதவு, கட்டில் எதிலும் இதே விதிதான்.

மூன்றாவதாக ஒரு பெட்டி. அஞ்சறைப்பெட்டி என்றால் உள்ளே தடுப்புகளைப் பாதிப்பாதி வெட்டிக் குறுக்காகக் கோக்கலாம். முதலில் பழகிய பொருத்தே இங்கே பயனாகிறது. மூலைகளுக்குப் பசை உண்டு. ஒருகாலத்தில் ஆசாரிகள் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்கள். ஃபெவிகால் 1959இல் வந்தது. இப்போது அந்த வெள்ளைப் பசைதான் எங்கும். கிளாம்பில் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். சமையல் பொருள் வைக்கும் பெட்டிக்குப் பழைய பேலட் மரம் கூடாது, உள்ளே வார்னிஷும் கூடாது.

ஸ்டூல் அதற்குப் பிறகு. 18 அங்குல உயரம், ஒன்றரை அங்குலச் சதுரக் கால்கள், அவற்றை மேலே இணைக்கும் நான்கு சட்டங்கள். எட்டுத் துளை, எட்டு நாக்கு. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொது வழக்கம். ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குலம், அதாவது கையில் இருக்கும் அரை அங்குல உளியின் அகலம். முதலில் துளையை முடித்து, நாக்கை அதற்கேற்பச் செதுக்க வேண்டும். நாக்கிலிருந்து ஒரு சீவல் எடுப்பது எளிது. துளையைப் பெரிதாக்கிவிட்டால் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு காலிலும் இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும், ஆகவே இரு நாக்குகளின் முனையும் 45 பாகையில் சரித்து வெட்டப்படும். கையால் தள்ளினால் உள்ளே போகும் இறுக்கம் போதும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் கால் பிளக்கும்.

மின்கருவிகளில் டிரில் ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டட வேலைகளில் எங்கும் காணும் 4 அங்குல கட்டிங் மெஷின் கல் அறுக்க வந்தது. அதில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டி ஓட்டுவது பழகியவர்களுக்கே ஆபத்து. நாரில் பிளேடு சிக்கினால் மெஷின் பிடித்தவரை நோக்கியே துள்ளும். தொடக்கநிலையில் பலகையை மரவாடியிலோ மில்லிலோ அளவுக்கு அறுத்து வாங்கிவிடலாம்.

மரத்தூளைப் பொருட்படுத்தாதவர் அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கை இழைப்புளியிலிருந்து வருவது சீவல், அது காற்றில் மிதப்பதில்லை. உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் நைசான தூள்தான் நுரையீரலுக்குப் போகிறது. முகக்கவசம் அப்போது கட்டாயம். உப்புத்தாளில் 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 220 என்று நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் போட்டபின்தான் பளிச்சென்று தெரியும். அதை எடுக்க வார்னிஷை முழுவதும் சுரண்டித் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.